வீடு மாறியாச்சு, பழைய வரி பாக்கி யார் தலையில்?

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியை. திருவட்டாறு பக்கம் ஒரு கிராம ஊராட்சியில் 12 சென்டில் இருந்த எங்கள் வீட்டை மே மாதம் விற்றோம். நாகர்கோவில் பார்வதிபுரத்தில் 5 சென்ட் நிலமும் வீடுமாக வாங்கி, ஜூலை 18-ஆம் தேதி பத்திரம் பதிந்தோம். ஆடி கழியட்டும் என்று இருந்து, ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். அதுவரை வெட்டூர்ணிமடத்தில் வாடகைக்கு இருந்தோம்.

வீட்டை விற்றவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். அவருடைய தம்பிதான் பவர் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கரம் தீர்த்த ரசீதைக் காட்டினார், நாங்களும் வரியெல்லாம் சரி என்று இருந்துவிட்டோம். இப்போது மாநகராட்சியில் விசாரித்தால், இந்த வீட்டுக்கு 6 அரையாண்டு சொத்து வரி பாக்கி என்கிறார்கள். அரையாண்டுக்கு 2,440 ரூபாய். நடப்பு அரையாண்டும் கட்டவில்லை. தம்பியிடம் கேட்டால், "வீடு உங்க பேருக்கு வந்தாச்சே, இனி எல்லாம் நீங்கதானே டீச்சர்" என்கிறார். மாடியில் ஒரு அறை இருக்கிறது; வரி ரசீதில் கீழ்த்தளம் 850 சதுர அடி மட்டும்தான் இருக்கிறது. ஊர் வீட்டை வாங்கிய அண்ணாச்சி இன்னும் பெயர் மாற்றவில்லை, அங்கே வரி கட்டச் சொல்லி எனக்கே போன் வருகிறது. வாடகை வீட்டு ஓனரும் வீட்டு வரியில் பங்கு கேட்டார். ஊரில் வருடத்துக்கு 340 ரூபாய் கட்டியவர்கள் நாங்கள். எதை, யார் கட்ட வேண்டும்?

பதில்: டீச்சர், முதலில் அந்தக் கரம் தீர்த்த ரசீதை எடுத்துப் பாருங்கள். அதைக் கொடுத்தது யார்? கிராம நிர்வாக அலுவலர். அது நிலத்துக்கான தீர்வை. வருவாய்த் துறை கணக்கு, பசலி ஆண்டுக் கணக்கு. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். நிலத்தின் மேல் வீடு இருக்கிறதா, மாடி இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ரசீதுக்குத் தெரியாது. வீட்டுக்கான வரி வேறு. அதை வாங்குவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று வீடு எதன் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த உள்ளாட்சி. கணக்கு ஏப்ரலில் தொடங்கும். நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் 'கரம்' என்ற சொல் நம் வாயில் நிலைத்துவிட்டது. நிலத் தீர்வையும் கரம், வீட்டு வரியும் கரம் என்று பேசிப் பேசியே பலர் இப்படி மாட்டுகிறார்கள். அந்தத் தம்பி உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

இனி பாக்கிக்கு வருவோம். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மாநகராட்சி யாரிடம் கேட்கும்? கடைசியில் யார் பணம் அது? இரண்டுக்கும் விடை ஒன்றல்ல, அதனால்தான் குழப்பம்.

மாநகராட்சியைப் பொறுத்தவரை சொத்து வரி அந்தச் சொத்தின் மேலேயே நிற்கும் பாரம். வீடு கை மாறினால் பாக்கியும் வீட்டோடு கூடவே வரும். கவுண்டரில் போய், "இது என் காலத்துப் பாக்கி இல்லை" என்று சொன்னால், "கட்டிட்டு அவங்ககிட்ட வாங்கிக்கோங்க" என்றுதான் பதில் வரும். கவுண்டரில் இருப்பவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் முன்னால் இருக்கும் கணக்கில் கேட்பு (கட்டச் சொல்லும் தொகை), வசூல், நிலுவை என்ற மூன்று கட்டங்கள்தான் இருக்கும். விற்றவர், வாங்கியவர் என்ற கட்டம் அதில் கிடையாது.

ஆனால் உங்களுக்கும் விற்றவருக்கும் இடையே சட்டம் தெளிவாக இருக்கிறது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, விற்பனைத் தேதி வரை அந்தச் சொத்துக்குச் செலுத்த வேண்டிய பொது வரிகள் விற்றவருடைய பொறுப்பு. உரிமை கைமாறிய பிறகு வருவது வாங்கியவருடைய பொறுப்பு. பத்திரத்தில் இதற்கு மாறாக நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் கதை வேறு. பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள். "இன்று தேதி வரை உள்ள வரி பாக்கிகள் எதுவும் இல்லை, இருப்பதாகத் தெரியவந்தால் எழுதிக் கொடுப்பவரே தீர்த்துக் கொடுக்க வேண்டியது" என்ற பொருளில் ஒரு வாசகம் அநேகமாக இருக்கும். எழுத்தர்கள் வழக்கமாகவே அதைச் சேர்ப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை. அது இருந்தால் உங்கள் கை இன்னும் பலம்.

ஆக, 6 அரையாண்டு பாக்கியான 14,640 ரூபாயும் அதன் வட்டியும் விற்றவருடையது. ஆனால் அவர் கட்டும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் யோசனை. பாக்கி நிற்கும்வரை வரிக் கணக்கில் உங்கள் பெயர் ஏறாது. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி வேறு; ஒரு அரையாண்டுக்கு மட்டும் மாதம் 24 ரூபாய் 40 காசு, ஆறுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே கட்டுங்கள். கட்டும் முன் அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் நிலுவைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "உங்கள் அண்ணன் சார்பில் இதைக் கட்டுகிறேன், தொகையைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதுங்கள். கட்டியபின் ரசீது நகல்களோடு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம். தம்பி பவர் ஏஜென்ட்தான். கொடுக்க வேண்டியவர் அண்ணன். எனவே கடிதத்தில் அண்ணன் பெயர் முதலில் வரட்டும். இப்படிப்பட்ட பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. இந்தத் தொகைக்குக் கோர்ட் ஏற வேண்டும் என்று சொல்லவில்லை. வளைகுடாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் விவரமே தெரியாமல் இருப்பார்கள். ரசீதைப் பார்த்ததும் அனுப்பிவிடுவார்கள். தம்பியிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால்தான் இழுக்கும்.

நடப்பு அரையாண்டைப் பற்றி ஒரு கணக்குப் போடுவோம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள். பத்திரம் ஜூலை 18. அதற்கு முந்தைய 108 நாள் அவர் வீடு, பிந்தைய 75 நாள் உங்கள் வீடு. 2,440 ரூபாயை நாள் கணக்கில் பிரித்தால் அவர் பங்கு 1,440, உங்கள் பங்கு 1,000. நீங்கள் ஆவணியில்தான் குடிவந்தீர்கள் என்பது இதில் கணக்கில்லை. பத்திரத் தேதிதான் கணக்கு. வீடு பூட்டிக் கிடந்தது என்பதால் வரி தானாக நிற்காது. மாநகராட்சி இப்படிப் பிரித்து வாங்காது, முழு 2,440-ஐயும் ஒன்றாகத்தான் வாங்கும். பிரிப்பது உங்கள் இருவருக்குள். அந்த 1,440-ஐயும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். விற்றவர் ஏப்ரலிலேயே கட்டியிருந்தால், உங்கள் பங்கு 1,000 ரூபாயை நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நியாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கட்டப் போகும் முன் ஒரு நிமிடம். ரசீதில் இருக்கும் வரிவிதிப்பு எண் உங்கள் வீட்டுடையதுதானா என்று பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். நான் நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டுக்கே இது நடந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் ஒரு பாதியை வாங்கினேன். விற்றவர் கொடுத்த பழைய ரசீதில் இருந்த எண்ணைப் போட்டு, நான்கு வருடம் அரையாண்டு தவறாமல் கட்டி, ரசீதுகளை ஃபைலில் கோத்து வைத்தேன். ஒருநாள் காலையில் பில் கலெக்டர் வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "சார், சொல்லக் கூச்சமா இருக்கு. உங்க வீட்டுக்கு நாலு வருஷமா பாக்கி." ஃபைலைத் தூக்கி அவர் முன் வைத்தேன். அவர் ரசீதைப் புரட்டினார், வெளியே போய் நிலைக்கு மேல் இருந்த கதவு எண்ணைப் பார்த்தார், திரும்பி வந்து மறுபடி ரசீதைப் பார்த்தார். நான் கட்டியதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மற்ற பாதி வீட்டின் எண்ணில். அந்த வீட்டு அம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆன்லைனில் கட்டுகிறான் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். மகனோ, கணக்கில் பாக்கி இல்லை என்று காட்டியதால், அம்மா கட்டுகிறாள் என்று இருந்திருக்கிறான். அலுவலகத்தில் ஒரு எண்ணில் கட்டியதை இன்னொரு எண்ணுக்கு மாற்றித் தர முடியாது என்றார்கள். நான் என் எண்ணுக்கு வட்டியோடு மறுபடி கட்டினேன். அந்த அம்மா எனக்குக் கொடுக்க வேண்டியதை மூன்று தவணையில் தீர்த்தார், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சீப்பு மட்டிப் பழம் சேர்த்து. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் எண் சரிபார்க்கச் சொன்னவனுக்கு நடந்தது இது.

ஆன்லைனில் எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் யார் வீட்டு வரியையும் கட்டலாம். வசதிதான், ஆபத்தும் அதில்தான். ஆகவே எண், கதவு எண், தெரு, வார்டு (நாகர்கோவில் மாநகராட்சியில் 52 வார்டு இருக்கின்றன), கட்டடத்தின் அளவு ஆகிய ஐந்தும் உங்கள் வீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெயர் இப்போதைக்குப் பழையவருடையதாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருந்தால் இரண்டையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

பாக்கி தீர்ந்ததும் பெயர் மாற்றம். பத்திரம் பதிந்தாலே, உட்பிரிவு செய்ய (சர்வே எண்ணைப் பிரிக்க) வேண்டியிராத சொத்துகளுக்குப் பட்டா மாறுதல் தானாக நடக்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. அதனால் வீட்டு வரியிலும் பெயர் மாறியிருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டா வருவாய்த் துறை, வரி உள்ளாட்சி. வரிக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, பாக்கி இல்லாத கடைசி ரசீது, உங்கள் அடையாள அட்டை இருந்தால் போதும். மாநகராட்சி அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். பதிந்து மூன்று மாதம் தாண்ட விடாதீர்கள். உங்கள் கணக்குக்கு அக்டோபர் 18 கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் இணைப்புக்கு எண் தனி, மின் இணைப்பு தனி அலுவலகம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் மாற்ற வேண்டும். வரி ரசீது உங்கள் பெயரில் வந்துவிட்டால் மற்ற இரண்டும் சுலபம்.

மாடி அறைதான் நீங்கள் போகிற போக்கில் எழுதியது, ஆனால் எனக்கு அதுதான் கவலை. கணக்கில் 850 சதுர அடி. மாடி அறையைச் சேர்த்தால் கூடும். எவ்வளவு கூடும் என்பது முக்கியம். 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க நகர்ப்புறச் சொத்து வரியைத் திருத்தியபோது, குடியிருப்புகளுக்கு அளவைப் பொறுத்துத்தான் ஏற்றினார்கள். சென்னை மாநகரின் பழைய பகுதிக்கு வேறு கணக்கு. மற்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அதாவது மொத்த அளவு 1,200-ஐத் தாண்டினால், அந்த அறைக்கு மட்டும் அல்ல, வீடு முழுவதற்குமே 50-க்குப் பதில் 75 சதவீத ஏற்றம் என்று ஆகிவிடும். அளவு நாடாவை எடுத்து, வெளிச்சுவரோடு சேர்த்து நீள அகலம் அளந்து வையுங்கள்.

அளந்தபின் நீங்களாகவே போய், "மாடியில் வரி விதிக்காத அறை இருக்கிறது" என்று எழுதிக் கொடுங்கள் என்பேன். பக்கத்து வீட்டார் வேறு மாதிரி சொல்வார்கள். "சும்மா இருக்கிற பாம்பை ஏன் சீண்டணும்" என்பார்கள். ஆனால் என்றைக்காவது அளவெடுக்க வருவார்கள், அப்போது வீடு உங்கள் பெயரில் இருக்கும், கட்டிய நாளிலிருந்து பின்தேதியிட்டுக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இப்போது போனால், அறை கட்டியது முந்தைய உரிமையாளர், நான் ஜூலையில்தான் வாங்கினேன் என்று பத்திரத்தைக் காட்டிப் பேசலாம், பின்தேதி வரி வந்தால் அதையும் விற்றவர் கணக்கில் எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வரி போட்டுவிட்டார்கள் என்பதால் அந்த அறைக்குக் கட்டட அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. அனுமதி வாங்கினாரா என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஊர் வீட்டுக்கு வருகிறேன். அங்கே வாங்கிய அண்ணாச்சி பெயர் மாற்றும்வரை கேட்பு உங்கள் பெயரில்தான் போகும். "அவர் மாற்றிக்கொள்ளட்டும்" என்று நீங்கள் இருக்க வேண்டாம். விற்றவரும் தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். பத்திர நகல் ஒன்றை வைத்து, இந்தத் தேதியில் இன்னாருக்கு விற்றுவிட்டேன், இனி இந்த வீட்டு வரி என் பொறுப்பல்ல என்று ஊராட்சிச் செயலரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மறக்காமல் இரண்டாவது பிரதியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அதை வாங்க ஒருநாள் லீவு போட்டு இரண்டு பஸ் மாறிப் போனாலும் தகும். அப்படியே அண்ணாச்சி வீட்டில் ஒரு காப்பி குடித்து, மின் இணைப்பும் உங்கள் பெயரில் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். சண்டை போடாமல் முடியும் வேலை இது. மே மாதம் வரையான உங்கள் பங்கு நிச்சயமாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பார்வதிபுரத்தில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் அண்ணாச்சிக்குச் செய்துவிடக் கூடாதே.

340 ரூபாய் எங்கே, வருடத்துக்கு 4,880 எங்கே என்று கேட்டிருந்தீர்கள். ஊராட்சியில் வீட்டு வரி எளிமையானது: தரைப் பரப்பு, கூரை ஓலையா ஓடா கான்கிரீட்டா, அவ்வளவுதான் பெரும்பாலும். மாநகராட்சியில் தெருவைப் பொறுத்து மண்டலம், மண்டலத்துக்குச் சதுர அடி மதிப்பு, குடியிருப்பா கடையா, கட்டடத்தின் வயது என்று பார்த்து ஆண்டு மதிப்பு போடுவார்கள். அதன் மேல் கல்வி வரி, நூலக வரி. சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. டீச்சர் என்பதால் சொல்கிறேன், அந்தப் பத்து ரூபாய்க்காவது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். நாகர்கோவில் 2019-இல்தான் மாநகராட்சி ஆனது. அதனால்தான் வரி கூடியது என்று தெருவில் பேசுவார்கள். கூடியதில் பெரும்பங்கு 2022 திருத்தத்தால் வந்தது.

வெட்டூர்ணிமடம் ஓனருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. வீட்டு வரி உரிமையாளருடையது. வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் கட்டுவதாக எழுதியிருந்தால் மட்டும் பேச வேண்டும். அவர் வாடகை வருமானத்துக்கு வருமான வரி கட்டுகிறவர் என்றால், தான் கட்டிய வீட்டு வரியை அந்த வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் முடியும். அதை நாசூக்காகச் சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார்.

அடுத்த அரையாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி பிறக்கிறது. அக்டோபர் 30-க்குள் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழித்துக்கொள்வார்கள். உங்கள் வரிக்குச் சுமார் நூறு ரூபாய். பழைய பாக்கியைச் செப்டம்பருக்குள்ளேயே தீர்த்து, பெயர் மாற்ற மனுவையும் கொடுத்துவிட்டால், அக்டோபர் ரசீது உங்கள் பெயரிலேயே வரப் பார்க்கலாம். மனு கொடுத்து அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்யலாம், அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அதற்கு முன் ஒருமுறை வார்டின் பில் கலெக்டரைப் பார்த்துப் பேசுங்கள், பாதி விஷயம் அங்கேயே முடியும்.

மாடி அறையை அளந்ததும் எனக்கு எழுதுங்கள். படிக்கட்டுக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தால் அதையும் தனியாகக் குறித்து அனுப்புங்கள்.